பி.எட். சேர்ந்தாகிவிட்டதா? இனி நாள் கணக்கு

பி.எட். முதல் வாரம் எந்தக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். யூனிஃபார்ம் புடவை என்ன நிறம், ரெக்கார்டு நோட்டு எத்தனை வாங்க வேண்டும், எந்தக் கடையில் மலிவு, சீனியர்களிடம் பழைய சார்ட் கிடைக்குமா என்ற பேச்சிலேயே வாரம் ஓடிவிடும். இந்தப் படிப்பு பெரும்பாலும் நாள்களாலும் கையெழுத்துகளாலும் அளக்கப்படுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நானும் அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பரீட்சைத் தாளில் கோட்டைவிட்டவரை விட, வருகைப்பதிவிலும் ரெக்கார்டிலும் மாட்டிக்கொண்டு தவித்தவர்களையே என் வகுப்பில் அதிகம் பார்த்தேன். அதனால் இந்தக் கட்டுரையில் பாடங்களைப் பற்றிக் குறைவாகவும் மற்றதைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் நேரடி வகுப்பாக நடக்கும் இரண்டு வருட பி.எட். பற்றி. இங்கே கல்வியியல் கல்லூரிகளை இணைத்து வைத்திருப்பது 2008ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். சைதாப்பேட்டை, திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, குமாரபாளையம் போன்ற இடங்களில் இருக்கும் அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, போட்டி அதிகம். இதில் சைதாப்பேட்டைக் கல்லூரி 1856ல் தொடங்கியது. முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி எடுத்தது அங்கேதான். அடிப்படை விதிகளை இந்தியா முழுமைக்கும் வகுப்பது என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். இரண்டு வருடப் படிப்பு என்பதே அதன் 2014 விதிமுறையால் வந்தது. அதற்கு முன் ஒரே வருடம்தான். "நாங்கெல்லாம் ஒரு வருஷத்துல முடிச்சோம்" என்று வீட்டில் யாராவது மூத்த ஆசிரியர் சொன்னால் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் கணக்கு உங்களுக்கு உதவாது.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 என்பது தமிழக அரசின் சேர்க்கைக் கணக்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். நடுவில் பன்னிரண்டைத் தாண்டிக் குதித்து நேரே திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குச் சிக்கல்தான்.

இன்னொரு சிக்கல் பட்டத்தின் பெயரில் இருக்கிறது. பி.எஸ்சி. வேதியியல் என்றால் பிரச்சினை இல்லை. பெயருக்கு முன்னால் 'பயன்பாட்டு', 'தொழில்சார்' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது மூலப் பாடத்தின் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். கல்லூரி சேர்த்துக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடாது. பல வருடம் கழித்து வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் உட்காரும்போதுதான் இந்தக் கேள்வி வரும். பொருளியல், வணிகவியல், மனையியல், அரசியல் அறிவியல் போன்ற பாடங்களுக்கு இளங்கலை மட்டும் போதாது, முதுகலை முடித்திருந்தால்தான் பி.எட். இடம்.

ஏன் பி.எட். என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கத்தான் ஆசை என்றால் இது உங்கள் படிப்பு அல்ல. அதற்கு டி.எல்.எட். எனப்படும் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இருக்கிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலைக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது.

"கல்லூரிக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லி ஆள் பிடிக்கும் தரகர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கும் அது ஆசை காட்டும் பேச்சு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வழியில் போனால் உங்கள் படிப்பே இன்னொருவரின் பொய்ப் பதிவேட்டை நம்பித்தான் நிற்கும். ஆய்வுக்கு ஒரு குழு வந்தால் அந்தத் தரகர் போனை எடுக்க மாட்டார். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் கொடுத்தால் திரும்ப வாங்குங்கள். கல்லூரி வைத்துக்கொள்வதாக இருந்தால் எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வைப்பது நல்லது.

நாள் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என்.சி.டி.இ. விதிப்படி வருடத்துக்கு 200 வேலை நாள். சேர்க்கை நாள்களும் தேர்வு நாள்களும் இதில் சேராது. வகுப்புக்கும் கல்லூரியில் நடக்கும் பயிற்சிகளுக்கும் 80 சதவீத வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சிக்கு, அதாவது எல்லோரும் டீச்சிங் பிராக்டிஸ் அல்லது இன்டர்ன்ஷிப் என்று சொல்வதற்கு, 90 சதவீதம் வேண்டும்.

200 நாளில் 80 சதவீதம் என்றால் 160. நாற்பது நாள் விடுப்பு இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த நாற்பதில் காய்ச்சல், ஊர்த் திருவிழா, அக்கா வளைகாப்பு, சொந்தக் கல்யாணம், போட்டித் தேர்வு எல்லாம் அடங்க வேண்டும். பள்ளிப் பயிற்சி இன்னும் இறுக்கம். மொத்தம் இருபது வாரம். முதல் வருடத்தில் நான்கு, இரண்டாம் வருடத்தில் பதினாறு. பதினாறு வாரம், வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் எண்பது நாள். அதில் எழுபத்திரண்டு நாள் நீங்கள் பள்ளியில் இருந்தாக வேண்டும். அப்படியென்றால் நான்கு மாதத்தில் எட்டு நாள்தான் கையிருப்பு. என் தோழி ஒருத்தி முதல் மாதத்திலேயே ஆறு நாளைச் செலவழித்துவிட்டாள். பிறகு சிக்குன்குனியா வந்தபோது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நான் செய்தது இதுதான். தினசரி காலண்டர் ஒன்றை வாங்கி, வராத நாளில் மட்டும் சிவப்புப் பேனாவால் சுழித்தேன். மாதக் கடைசியில் அலுவலகத்தில் போய் அவர்கள் கணக்கோடு ஒப்பிட்டேன். ஒருமுறை என் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் மூன்று நாள் இடித்தது. கல்லூரியே அனுப்பிவைத்த கருத்தரங்கு நாள்களை ஆப்சென்ட் போட்டிருந்தார்கள். அந்த மாதமே கேட்டதால் திருத்தினார்கள். வருடக் கடைசியில் கேட்டிருந்தால் யாருக்கு நினைவிருக்கும்?

சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் படிப்பை முடித்தாக வேண்டும் என்பதும் விதி. படிக்கும்போது குழந்தை பிறக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த ஒரு வருட இடைவெளிதான் இருக்கிறது. இடையில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் வாயால் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். மருத்துவச் சான்றோடு கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தாள்கள்

எழுத்துத் தேர்வுகளை வேகமாகக் கடந்துவிடலாம். குழந்தைப் பருவமும் வளர்ச்சியும், சமகால இந்தியாவும் கல்வியும், கற்றலும் கற்பித்தலும், பாலினம் பள்ளி சமூகம், மதிப்பீடு, உள்ளடக்கிய பள்ளி என்று போகும் பட்டியல். கூடவே உங்கள் பட்டப் பாடத்தைக் கற்பிக்கும் முறை. பட்டப்படிப்பைத் தாண்டி வந்தவர்களுக்கு இவை மலையல்ல. ஒரே எச்சரிக்கை, பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் என்று வரும் உளவியல் பகுதியை கைடை வைத்துக் கடைசி இரவில் முடித்துவிடாதீர்கள். ஏன் என்பதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். அக மதிப்பீட்டு மதிப்பெண்ணை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது. ஒப்படைப்பைத் தேதிக்குள் கொடுப்பதற்காகவே கிடைக்கும் மதிப்பெண் அது.

நாடகமும் கலையும், வாசித்துச் சிந்தித்தல், கணினிப் பயன்பாடு, தன்னை அறிதல் என்று நான்கு திறன் மேம்பாட்டுப் பயிற்சிகளும் இருக்கும். பல இடங்களில் இதை ரெக்கார்டு எழுதும் வேலையாகச் சுருக்கிவிடுகிறார்கள். நாடகப் பயிற்சி உண்மையாக நடந்தால் விடாதீர்கள். கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி கத்தாமல் பேசுவது எப்படி என்று எனக்குக் கற்றுத்தந்தது அதுதான்.

நுண்ணிலைக் கற்பித்தல்

பள்ளிக்கு அனுப்பும் முன் கல்லூரியிலேயே சக மாணவர்களைப் பிள்ளைகளாக உட்கார வைத்து ஒரு பயிற்சி நடக்கும். மைக்ரோ டீச்சிங் என்பார்கள். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன். பாடத்தை அறிமுகம் செய்வது, விளக்குவது, துருவிக் கேள்வி கேட்பது, பதில் சொன்ன பிள்ளையை ஊக்குவிப்பது, கரும்பலகையைப் பயன்படுத்துவது, பாடத்தை முடிப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனி. இந்தியக் கல்லூரிகளில் சுழற்சிக்கு 36 நிமிடம். ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் திரும்பத் திட்டமிடல், ஆறு நிமிடம் மறுபடி கற்பித்தல், ஆறு நிமிடம் மறுபடி பின்னூட்டம்.

முதல் தடவை சிரிப்பாக இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் முப்பது வயது அக்கா, "டீச்சர், ஒண்ணுக்கு" என்று கை தூக்குவார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒரு வேலையைச் செய்துகொள்ளுங்கள். தோழி ஒருவரை உங்கள் போனிலேயே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நான் ஆறு நிமிடத்தில் 'ஓகேவா' என்று பதினேழு முறை சொல்லியிருந்தேன். விரிவுரையாளர் எழுதிக்கொடுத்த பின்னூட்டத்தில் 'நன்று' என்று மட்டும் இருந்தது.

அறிமுகத் திறனில் பலரும் செய்வது, "நேற்று என்ன படித்தோம்?" என்று தொடங்குவது. ஆவியாதல் நடத்த வேண்டும் என்றால், ஈரக் கைக்குட்டை ஒன்றை வகுப்பு ஜன்னலில் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரத்தில் இதில் இருக்கிற தண்ணீர் எங்கே போயிருக்கும்?" என்று கேளுங்கள். மீதியைப் பிள்ளைகளே பேசுவார்கள்.

பாடக்குறிப்பு எழுதும் விதம்

லெசன் பிளான்தான் இந்த இரண்டு வருடத்தின் தினசரிச் சோறு. எத்தனை எழுத வேண்டும் என்று கல்லூரி சொல்லும். வடிவத்தையும் அவர்களே தருவார்கள். இடப்பக்கம் ஆசிரியர் செயல், வலப்பக்கம் மாணவர் செயல் என்று கட்டம் போட்டு, மேலே நோக்கங்கள். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ப்ளூம் 1956ல் வகுத்துத் தந்த நோக்க வகைப்பாடும், 2001ல் திருத்தப்பட்ட அதன் வடிவமும் இங்கேதான் வரும்.

இங்கே எல்லோரும் சறுக்குவது நோக்கத்தை எழுதும் வரியில். 'மாணவர்கள் ஆவியாதலைப் பற்றி அறிவர்' என்று எழுதிவிட்டால், அவர்கள் அறிந்தார்களா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? 'அகலத் தட்டில் ஊற்றிய நீர், டம்ளரில் உள்ள நீரை விட ஏன் சீக்கிரம் வற்றுகிறது என்று காரணம் சொல்வர்' என்று எழுதிப் பாருங்கள். மதிப்பீட்டுக் கேள்வி தானாக வந்துவிடும். செய்துகாட்ட என்ன பொருள் வேண்டும் என்பதும் அந்த வரியிலேயே இருக்கிறது. இப்படி ஒரு பத்து எழுதிப் பழகினால் பிறகு ஒரு குறிப்புக்கு அரை மணி நேரம் போதும். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினால் அதை விட நேரம் ஆகும். தவிர, அந்தப் பாடம் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கவும் கூடும்.

பள்ளியில் பதினாறு வாரம்

எந்தப் பள்ளி என்பதைக் கல்வித் துறையின் அனுமதியோடு கல்லூரி ஏற்பாடு செய்யும். உங்கள் விருப்பத்தைக் கேட்டால், வீட்டுக்குப் பக்கம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கும் பள்ளியா என்று விசாரியுங்கள். வழிகாட்டி ஆசிரியர் இல்லாத பள்ளியில் நீங்கள் பயிற்சி ஆசிரியராக இருக்க முடியாது, காலிப் பணியிடத்தை நிரப்பும் ஆளாகிவிடுவீர்கள்.

முதல் வாரம் கற்பிக்கத் துடிக்காதீர்கள். வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனியுங்கள். பாடத்தை விட, அவர் வகுப்புக்குள் நுழைந்து முதல் இரண்டு நிமிடம் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் பார்த்த ஆசிரியர் யாரையும் அதட்டவில்லை. உள்ளே வந்ததும் கரும்பலகையைத் துடைத்து, தேதி எழுதி, திரும்பி, நேற்று வராத பிள்ளையின் பெயரைச் சொல்லி "உடம்பு பரவாயில்லையா?" என்பார். வகுப்பு அடங்கிவிடும். அடுத்த வாரம் நான் அதே வகுப்பில் "சைலன்ஸ்" என்று ஆறு முறை கத்தினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்ரெய்னிங் டீச்சர் என்றால் இளப்பம்தான். பெயர்களைப் படித்து வைத்த பிறகுதான் கொஞ்சம் மாறியது. இருக்கை வரிசைப்படி பெயர்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்வது எளிய வழி.

பிறகு நாட்காட்டி. ஜூன் ஜூலையில் போகிறவர்கள் நிறைய நேரம் இருப்பதாக நினைப்பார்கள். ஆகஸ்ட்டில் சுதந்திர தினம், விளையாட்டுப் போட்டிகள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அதைத் தொடர்ந்து விடுமுறை. அதற்குப் பிறகு தீபாவளி, மழை விடுமுறை. நீங்கள் எடுக்க வேண்டிய வகுப்புகளில் பாதிக்கு மேல் காலாண்டுக்கு முன் முடித்துவிட வேண்டும். இது தெரியாமல் அக்டோபர் கடைசியில் ஒரே நாளில் மூன்று பாடம் எடுக்கக் கெஞ்சிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் உங்களை வேறு வேலைக்கும் அழைப்பார். லீவில் இருக்கும் ஆசிரியரின் பீரியடைப் பார்த்துக்கொள்வது, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது, காலை வழிபாட்டுக் கூட்டம். ஓரளவுக்குச் செய்யுங்கள், பள்ளி எப்படி ஓடுகிறது என்று தெரியும். உங்கள் பாட வேளையையே அது தின்ன ஆரம்பித்தால் வழிகாட்டி ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். நேராகத் தலைமையாசிரியரிடம் போகாதீர்கள், கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருபவரிடம் முதல் ஆளாகப் புகார் சொல்லவும் வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் சமாதானமே கிடையாது. பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009ன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பள்ளியில் பிரம்பு இன்னும் இருந்தாலும் அது உங்கள் கைக்கு வர வேண்டாம். அப்புறம், பிள்ளைகளின் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் கவனித்து எழுதும் தனியாள் ஆய்வில் குழந்தையின் உண்மைப் பெயரை எழுதாமல் 'மாணவர் அ' என்று எழுதுங்கள். அந்த நோட்டு எத்தனை பேர் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

ரெக்கார்டும் முத்திரையும்

பள்ளியில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை: சக பயிற்சி ஆசிரியர் வகுப்பைப் பார்த்து எழுதும் குறிப்பு, தனியாள் ஆய்வு, செயலாய்வு, அடைவுத் தேர்வு. இதில் அடைவுத் தேர்வுதான் நேரம் பிடிக்கும். வினாத்தாள் வடிவமைப்பு அட்டவணை போட்டு, கேள்வித்தாள் தயாரித்து, தேர்வு வைத்து, திருத்தி, சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் கண்டுபிடித்து, வரைபடம் போட வேண்டும். மதிப்பெண்ணைக் கற்பனையில் இட்டு நிரப்புகிறவர்கள் உண்டு. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர், "இந்த ஏழாவது கேள்வியை ஏன் முக்கால்வாசிப் பேர் தப்பாக எழுதினார்கள்?" என்று கேட்டால் கற்பனை அங்கேயே நின்றுவிடும். நிஜமாகவே தேர்வு வைத்தவருக்கு அந்தக் கேள்வி இனிக்கும்.

செயலாய்வுக்குப் பெரிய தலைப்பு வேண்டாம். 'ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் பத்துப் பேர் வேதிச் சமன்பாடுகளைச் சமன் செய்யத் தடுமாறுகிறார்கள், மூன்று வாரம் அட்டைகளை வைத்து விளையாட்டாகப் பழக்கினேன், முன்னும் பின்னும் இதுதான் மதிப்பெண்' என்ற அளவு போதும்.

முத்திரை விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் பிள்ளைகள் பேனாவும் வாழ்த்து அட்டையும் கொடுத்து அழ, நானும் அழ, வருகைச் சான்றில் தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளி முத்திரை இல்லை என்பதைக் கல்லூரியில்தான் கண்டுபிடித்தார்கள். திரும்பப் போனால் விடுமுறை. முத்திரை இருந்த பீரோவின் சாவி எழுத்தரிடம், எழுத்தர் சொந்த ஊரில். நான்கு நாள் அலைந்தேன். அதனால் கடைசி வாரத்தின் திங்கள்கிழமையே எல்லாப் படிவத்தையும் வரிசையாக அடுக்கி, கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அழுவதை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

முடித்த பிறகு

மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள்.

அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு அடுத்த படி டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு. தமிழ்நாட்டில் முதல்முறை நடந்தது 2012ல். ஆறு முதல் எட்டு வரைக்கு இரண்டாம் தாள், 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் அல்லது வேறு தாய்மொழி 30, ஆங்கிலம் 30, கணிதம் அறிவியல் அல்லது சமூக அறிவியல் 60. தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் டெட் தேர்ச்சியே வேலையாகிவிடாது, அதன் மேல் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வும் இருக்கிறது. முதுகலை முடித்தவர்கள் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் போகலாம். அங்கேயும் 150 கேள்வியில் 30 கல்வியியலிலிருந்துதான்.

இரண்டு தேர்விலும் வரும் அந்த முப்பதுக்காகத்தான் உளவியல் தாளைக் கடைசி இரவுக்குத் தள்ளாதீர்கள் என்று சொன்னேன். படிப்பு முடிந்ததும் வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று ரெக்கார்டு மூட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்வார்கள். சார்ட்டுகளைப் போடுங்கள், ஜூனியர் யாராவது கேட்டால் அவர்களுக்கே கொடுங்கள். முதல் வருட உளவியல் நோட்டை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.